வலது கைக்கு எழுதாத இசை

மதினி,

இன்று காலை உங்கள் பியானோவை நேராக்கிக் கொடுத்துவிட்டேன். சாத்தூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கொடுப்பதாக அண்ணன் பேசி முடித்திருந்தான். "வாங்குறவுக இடது ஓரத்துல அமுக்கிப் பாத்து, கீச்சுனு சத்தம் வந்தா பயந்துருவாக. பழையபடி மாத்தி விட்டுரு ஜோதி" என்று மட்டும் சொன்னான். பின்பக்கத் தகட்டைக் கழற்றியதும் பாச்சை உருண்டை வாடை வந்தது. எறும்பு புகாமல் இருக்க நீங்கள் போட்டு வைத்தது. உருண்டை கரைந்து காணாமல் போயிருந்தது. வாடை மட்டும் மிச்சம். நான் உள்ளே வைத்திருந்த சின்ன சர்க்யூட் போர்டையும் சுவிட்சையும் வயர்களையும் எடுக்க அதிக நேரம் ஆகவில்லை. மூடிவிட்டு இடது ஓரக் கட்டையை அழுத்தினேன். அடிவயிற்றிலிருந்து வருவதுபோல் 'தொம்' என்றது. உலகத்தில் எல்லா பியானோவும் அப்படித்தான் ஒலிக்கும்.

லோடு ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டுக் கடைக்கு வந்து உட்கார்ந்திருக்கிறேன். மேசையில் ஒரு யூ.பி.எஸ். பிரித்தபடி கிடக்கிறது. அதைத் தொடுமுன் இதை எழுதிவிடலாம் என்று தோன்றியது. கண்ணீர் எதுவும் வரவில்லை. வந்திருந்தால் உங்களுக்கும் பிடித்திருக்காது.

நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்த அன்று, தெரு உங்களைப் பார்க்கவில்லை. உங்கள் பெட்டியைத்தான் பார்த்தது. உங்கள் அப்பா கோயம்புத்தூரில் ஒரு விடுதிப் பள்ளியில் வேன் ஓட்டியவர். அந்தப் பள்ளியிலேயே படித்து, அங்கே கூடத்தில் இருந்த பியானோவில் கற்று, பரீட்சைகள் எழுதி, அங்கேயே பியானோ டீச்சராகவும் ஆனவர் நீங்கள். அண்ணன் அப்போது அந்த ஊரில் ஒரு மில்லில் ஃபிட்டர். உங்கள் பக்கத்து வீட்டு மாடியில் குடியிருந்தான். மாடிக்குக் கேட்டது உங்கள் வாசிப்பு. மற்றதை நீங்களும் சொன்னதில்லை, அவனும் சொன்னதில்லை. எங்கள் அப்பா போனபின் அம்மாவைத் தனியே விட முடியாது என்று அவன் அருப்புக்கோட்டையிலேயே ஒரு மில்லில் வேலை தேடிக்கொண்டான். நீங்களும் வந்தீர்கள், டிஜிட்டல் பியானோவோடு.

"இம்புட்டுப் பெரிய பொட்டிய எங்கத்தா வைக்கிறது? கட்டிலைத்தான் வெளிய எடுக்கணும்" என்றார் அம்மா, பாதி விளையாட்டாக.

"எடுத்தறலாங்க அத்தை. நாங்க கீழ படுத்துக்கறோம்" என்றீர்கள் நீங்கள், விளையாட்டே இல்லாமல்.

அம்மாவுக்கு அந்த நிமிடமே உங்களைப் பிடித்துப் போனது. எனக்குக் கொஞ்ச நாள் ஆயிற்று. நான் பெண்கள் பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்து இந்த இன்வெர்ட்டர் ரிப்பேர் கடையைப் போட்டிருந்தேன். சங்கீதத்துக்கும் எனக்கும் சம்பந்தமே கிடையாது. பள்ளியில் காலைப் பிரார்த்தனையில் என்னை வாயை மட்டும் அசைக்கச் சொல்லியிருந்தார்கள். நீங்கள் வாசிப்பது எனக்கு, பக்கத்து வீட்டுத் தறி ஓடுகிற மாதிரி, வீட்டில் இருக்கும் ஒரு சத்தம். தறிக்காரர் வீட்டில் சாப்பாட்டுக்கு நிறுத்தும் நேரம் பார்த்து நீங்கள் உட்காருவீர்கள். அவர்கள் கன்னடத்தில் ஏதோ சொல்லிச் சிரிப்பார்கள். பிறகு அவர்கள் வீட்டுப் பிள்ளைகளே உங்களிடம் கற்றுக்கொள்ள வந்தார்கள். தெருவுக்கு நீங்கள் 'பியானோக்கா' ஆனீர்கள்.

நரிக்குடியில் எங்கள் சொந்தத்தில் ஒரு காதுகுத்து. நானும் அம்மாவும் பஸ்ஸில் திரும்பிவிட்டோம். நீங்களும் அண்ணனும் பைக்கில் வந்தீர்கள். திருச்சுழி தாண்டி, கண்மாய்க் கரையிலிருந்து இறங்குகிற இடத்தில் ஆட்டு மந்தை ஒன்று சாலையைக் கடந்தது. கடைசி ஆடும் போய்விட்டது என்று அண்ணன் வேகமெடுத்தபோது, கருவேலஞ்செடி மறைவிலிருந்து குட்டி ஒன்று தாய் பின்னால் ஓடிவந்தது. பிரேக் பிடித்தான். குட்டி தப்பியது. அண்ணனுக்கு முழங்கையில் தோல் உரிந்தது. நீங்கள் இடது தோள் தரையில் மோதும்படி விழுந்தீர்கள்.

மதுரையில் பெரிய டாக்டர் படம் போட்டுக் காட்டி விளக்கினார். கழுத்திலிருந்து கைக்கு இறங்கும் நரம்புகள் வேரோடு பிய்ந்துவிட்டன. கை இருக்கும். வேலை செய்யாது. அண்ணன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நீங்கள் ஒரே ஒரு கேள்வி கேட்டீர்கள்: "விரலாவது?" டாக்டர் தலையை அசைத்தார்.

வீட்டுக்கு வந்தபின் ஊரே பார்க்க வந்தது. ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆரஞ்சுப் பழமுமாக வந்தவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள்.

"நல்லவேளை, இடது கையாப் போச்சு."

"ஆமா, சோறு திங்கிற கைய ஆண்டவன் விட்டு வச்சிருக்கான்ல."

நீங்கள் ஒவ்வொருவருக்கும் தலையாட்டினீர்கள். அம்மாவும் அதைச் சொல்லித்தான் திருச்சுழி கோயிலில் அர்ச்சனை செய்துவிட்டு வந்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன். வலது கைக்காரிக்கு இடது கை போனால் நஷ்டம் குறைவுதானே. கணக்கு சரியாகத்தான் இருந்தது.

பிள்ளைகள் வருவது நின்றது. பியானோவின் மேல் ஒரு பெட்ஷீட் விரித்தீர்கள். பிறகு அதன் மேல் மடித்த துணிகள் ஏறின. அண்ணன் பைக்கை விற்றுவிட்டு மில் பஸ்ஸில் போய்வர ஆரம்பித்தான். அந்த அறைக்குள் வந்தால் பெட்டி இருக்கும் பக்கம் திரும்பமாட்டான். ஒருநாள், "அதக் குடுத்துருவமா?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டான். "இருக்கட்டும், துணி வெக்க ஆகுது" என்றீர்கள்.

உங்கள் வலது கை நகத்தை வெட்டும் வேலை என்னிடம் வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் வெட்டுவேன். கொஞ்சம் வளர விட்டால் என்ன என்று ஒருமுறை கேட்டேன். "இல்ல, ஒட்ட வெட்டு" என்றீர்கள். வாசிக்காத கைக்கு எதற்கு ஒட்ட வெட்டிய நகம் என்று எனக்கு ஒரு கேள்வி இருந்தது. அதைக் கேட்காமல் போனில் தேடினேன். தேடியதில் ஒற்றைக் கையால் மட்டும் வாசிப்பதற்கென்றே பியானோ இசை இருப்பது தெரிந்தது. ஒன்றிரண்டு இல்லை, ஏராளம். சந்தோஷமாக ஓடிவந்தேன். நீங்கள் துண்டைத் தாடைக்கடியில் பிடித்து மடித்துக்கொண்டிருந்தீர்கள்.

"மதினி, ஒத்தக் கையால வாசிக்கிறதுக்குன்னே எழுதியிருக்காகளாம். பெரிய பெரிய ஆளுக எழுதுனதாம்."

"தெரியும் ஜோதி."

"தெரிஞ்சுமா சும்மா இருக்கீக?"

"அதெல்லாம் இடது கைக்கு."

எனக்குப் புரியவில்லை. துண்டைப் போட்டுவிட்டு உட்கார்ந்து சொன்னீர்கள். போரில் வலது கையை இழந்த ஒருவருக்காக எழுதியது, வாசித்து வாசித்தே வலது கை கெட்டுப்போனவர்கள் தங்களுக்கே எழுதிக்கொண்டது, சோம்பிக் கிடக்கும் இடது கையை வேலை வாங்குவதற்காக எழுதியது. எல்லாமே இடதுக்கு. வலது கைக்கென்று தனியாக எழுத அநேகமாக யாரும் மெனக்கெடவில்லை.

"அதையே வலதுல வாசிச்சா என்ன?"

மடித்த துணிகளின் மேல் உங்கள் கையை விரித்து வைத்தீர்கள். "கட்டைவிரல்தான் பலசாலி. ராகத்தப் பாடறது அது. இடது கையில அது மேல்சத்தம் இருக்கற பக்கமா நிக்கும். சுண்டுவிரல் கீழ போயி ஒரு அடி அடிச்சுட்டு வரும், கால் பெடல அமுக்கி அந்தச் சத்தத்தப் புடிச்சு வெக்கும், அதுக்குள்ள கட்டைவிரல் மேல பாடிரும். கேக்கறவங்களுக்கு ரெண்டு கை மாதிரியே இருக்கும். என்ற வலது கையில எல்லாம் மாறி நிக்குது பாரு. பாட வேண்டிய எடத்துல சுண்டுவிரல் நிக்குது."

சுண்டுவிரலை மட்டும் தூக்கிக் காட்டினீர்கள். பிறகு, ஆஸ்பத்திரிக்குப் பிறகு முதல்முறையாக, உங்கள் குரல் உடைந்தது. "எல்லாரும் நல்லவேளைன்னாங்க. வலது போயிருந்தா எனக்கு வாசிக்கறதுக்கு ஒரு உலகமே இருந்துச்சு ஜோதி."

நீங்கள் போட்ட துண்டை எடுத்து நான் மடித்து வைத்தேன்.

மறுநாள் கடைக்கு ஒருவர் பேட்டரி வயரை மாற்றி மாட்டிப் புகைந்துபோன இன்வெர்ட்டரைக் கொண்டுவந்தார். அதைப் பிரித்துக்கொண்டிருக்கும்போதுதான் யோசனை வந்தது. பியானோ என்றால் உள்ளே கம்பிகள் இருக்கும், அதை மாற்ற முடியாது. உங்களுடையது டிஜிட்டல். ஒவ்வொரு கட்டையும் உள்ளே ஓர் எண், அவ்வளவுதான். கடையைச் சாத்திவிட்டு லேப்டாப்போடு வந்து நின்றேன்.

"கட்டையத் திருப்ப முடியாது மதினி. சத்தத்தத் திருப்பலாம். இடது பக்கம் கீச்சுக்குரல், வலது பக்கம் கட்டைக்குரல். அப்ப ஒங்க கட்டைவிரல் பாடுற பக்கம் வந்துரும்ல?"

நீங்கள் எழுந்துபோய்ப் பெட்டியின் மேலிருந்த துணிகளை ஒவ்வொன்றாகப் பாய்க்கு மாற்றினீர்கள்.

முதல்முறை நான் செய்தது தப்பு. இந்த ஓரத்தை அந்த ஓரத்துக்கு மாற்றிவிட்டேன். சில இடங்களில் வெள்ளைக்கட்டையை அழுத்தினால் கறுப்புக்கட்டையின் சத்தம் வந்தது. ஒரு வரி வாசித்துப் பார்த்து நீங்கள் சிரித்தீர்கள். உள்ளே போய் முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்துவந்து, இரண்டு கறுப்புக்கட்டைகளுக்கு நடுவே இருக்கும் வெள்ளைக்கட்டையின் மேல் நிறுத்தினீர்கள். "உள்ள பாரு." கண்ணாடிக்குள் கறுப்பும் வெள்ளையும் வெளியே இருக்கிற அதே வரிசையில் தொடர்ந்து போயின. "இங்கதான் நடு. இங்கிருந்து திருப்போணும்." அப்படித் திருப்பியதும் சரியாக வந்தது. வலது ஓரத்தில் சில கட்டைகள் மட்டும் ஊமையாகிவிட்டன. "போகட்டும், அந்தக் கோடிக்கு அடிக்கடி யாரும் போறதில்ல" என்றீர்கள். பின்னால் அதை ஒரு சின்ன போர்டில் ஏற்றி உள்ளேயே பொருத்திவிட்டேன்.

வழி கிடைத்துவிட்டது, இனி சுலபம் என்று நான் நினைத்தேன். உங்களுக்கு அது நரகம். சின்ன வயதிலிருந்து வலப்பக்கம் போனால் சத்தம் ஏறும் என்று பழகிய காது. இப்போது வலப்பக்கம் போனால் இறங்குகிறது. கொஞ்சநேரம் வாசித்தாலே தலை சுற்றிப் பின்பக்கம் போய் வாந்தி எடுத்துவிட்டு வந்தீர்கள். வந்து மறுபடி உட்கார்ந்தீர்கள்.

அம்மா கதவருகே நின்று பார்ப்பார். "ஏத்தா, சத்தம் ஏறுது, ஒன் கை எறங்குது. பாக்குற எனக்கே கிறுகிறுங்குதே."

"கண்ண மூடிக்கோங்க அத்தை. நானும் மூடிட்டுத்தான் வாசிக்கறேன்."

அம்மா நிஜமாகவே கண்ணை மூடிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தார். அதன்பின் முறுக்குப் பிழிவதும் வெங்காயம் உரிப்பதும் எல்லாம் உங்கள் அறை வாசலில்தான்.

வெயில் காலம் போய், காற்றுக் காலம் போய், ஐப்பசி மழையும் பெய்து முடித்தது. நீங்கள் எடுத்துக்கொண்டது ஒரே ஒரு பாடல். யார் எழுதியது என்று சொன்னீர்கள். அந்தப் பெயர் என் வாயில் நுழையவில்லை. இடது கைக்கென அச்சடித்த காகிதத்தில் எந்த விரல் எங்கே என்று எண் போட்டிருந்தது. அதே விரல்கள் உங்கள் வலது கையில் கண்ணாடிக்குள் நடப்பதுபோல் நடந்தன. துண்டு துண்டாகக் கேட்டுக்கேட்டு எனக்குச் சலித்துவிட்டது. ஒருநாள் அதை முழுதாக வாசித்தீர்கள். ஷிப்ட் முடிந்து சாப்பாட்டுக் கூடையோடு வந்த அண்ணன் நடையில் நின்று, "யாரு வந்திருக்கா? கூட யாரோ வாசிக்காகல்ல?" என்று அம்மாவிடம் கேட்டான்.

"ஒரு ஆளும் வரல. நீயே போய்ப் பாரு."

போய்ப் பார்த்தான். விபத்துக்குப் பிறகு அந்தப் பெட்டியை அவன் நேராகப் பார்த்தது அன்றுதான். முடியும்வரை நின்றான். பிறகு புழக்கடைக்குப் போய் முகம் கழுவினான். தண்ணீர் விழும் சத்தம் நிற்க வெகுநேரம் ஆனது. நீங்கள் என்னைப் பார்த்து, போகவேண்டாம் என்று தலையை அசைத்தீர்கள்.

கோயம்புத்தூரிலிருந்து அழைப்பு வந்தது அதற்குப் பிறகுதான். உங்கள் பழைய பள்ளியில் ஆண்டு விழா. பழைய டீச்சர்கள் எல்லோரும் வாசிக்கிறார்கள், நீங்களும் முடிந்தால் வர வேண்டும் என்று. அங்கே இருப்பது நிஜப் பியானோ. அதை என்னால் திருப்ப முடியாது. நூல் ஏற்ற அந்தப் பக்கம் போகும் வண்டியில் உங்கள் பெட்டியை அனுப்ப அண்ணன் ஏற்பாடு செய்தான். அவன் வரவில்லை. "நான் முன்னாடி ஒக்காந்தா அவ என்னையப் பாப்பா. வாசிக்க ஓடாது. நீ போ" என்றான் என்னிடம்.

அந்தக் கூடத்தில் மேடைமேல் கறுப்பாகப் பெரிய பியானோ நின்றது. நீங்கள் அதன் மூடிமேல் கையை வைத்துவிட்டு எடுத்தீர்கள். பக்கத்தில் நம் பெட்டியை வைத்து நான் வயர்களை மாட்டினேன். உங்கள் தொங்கும் கையைப் பார்த்தவர்கள் முகமெல்லாம் இரக்கம். நீங்கள் கண்ணை மூடி வாசித்தீர்கள். ஒரு தப்பும் இல்லை. துண்டு துண்டாக அத்தனை தடவை கேட்டவள், எனக்கே தெரியும். முடித்தபோது கைதட்டல் வந்தது. ஆனால் அது தயங்கித் தயங்கி வந்தது.

டீ நேரத்தில் காரணம் தெரிந்தது. கிராப் வெட்டிய வயதான டீச்சர் ஒருவரும் இளம் டீச்சர் ஒருவரும் எனக்கு முதுகைக் காட்டி நின்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

"கை ஒரு பக்கம் போகுது, சத்தம் ஒரு பக்கம் போகுது. கவனிச்சீங்களா மிஸ்? ரெக்கார்டிங்க ஓட விட்டுட்டு வாசிக்கற மாதிரி காட்டறாங்க."

"தெரிஞ்சுது. பாவம், விடு. அதுல ஒரு சந்தோஷம் அவங்களுக்கு."

பொய் என்று சொன்னதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். அந்தப் 'பாவம்' என்னைச் சுட்டது. முன்னால் போய் நின்று, சத்தத்தைத் திருப்பி வைத்திருப்பதைச் சொன்னேன். கண்ணாடியை வைத்துப் பார்த்த கதையையும் சொன்னேன். "ஓ, அப்படியா" என்றார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். உங்களிடம் வந்து கொட்டினேன்.

"நீ ஏன் போய்ச் சொன்னே?"

"பின்ன? பொய்யிங்காக மதினி."

"காதால கேக்காதவங்களுக்கு வாயால சொல்லி என்ன ஆகப்போகுது."

டீயைக் குடித்து முடித்தீர்கள். டம்ளரை வைத்தீர்கள். அடுத்துப் பேச இருந்தவர் தாளைச் சரிசெய்துகொண்டிருக்கும்போது, யாரையும் கேட்காமல் மேடையேறி, அந்தப் பெரிய பியானோவின் முன் உட்கார்ந்தீர்கள். ஒற்றைக் கையால் மூடியைத் தூக்கினீர்கள். உதவிக்கு வந்த என்னைப் பார்வையாலேயே நிறுத்தினீர்கள்.

அதே பாடலை வாசித்தீர்கள். விரல்கள் அதே இடங்களுக்குப் போயின. அதே குதிப்பு, அதே நிறுத்தம். ஆனால் அது நேரான பியானோ. கை அப்படியே இருக்க, சத்தம் எல்லாம் மாறி விழுந்தது. அடியில் அதிர்ந்தது மேலே மணியாக ஒலித்தது. மேலே பாடியது அடியில் போய் முனகியது. ஏறவேண்டியது இறங்கியது, இறங்கவேண்டியது ஏறியது. அப்படி ஓர் இசையை யாரும் எழுதியதில்லை. வீட்டில்கூட நீங்கள் அதை வாசித்துப் பார்த்ததில்லை என்று பிறகுதான் சொன்னீர்கள். என்ன வரும் என்று தெரியாமல்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

எனக்கு ராகம் தெரியாது. கையை மட்டும் பார்த்தேன். நம் வீட்டு அறையில் மாதக்கணக்கில் பார்த்த அதே கை. காது புதிதாக எதையோ கேட்டுக்கொண்டிருந்தது. கூடத்தில் முதலில் சலசலப்பு இருந்தது. பிறகு அந்தக் கிராப் டீச்சர் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். இளம் டீச்சரின் தோளைப் பிடித்துக்கொண்டு, "அதேதான், அதேதான்டி, தலைகீழா" என்றார். அவர் குரல் எனக்குக் கேட்கும் அளவுக்கு அங்கே அமைதி ஆகியிருந்தது.

இந்தமுறை கைதட்டல் எப்படி இருந்தது என்று எழுத மாட்டேன். உங்களுக்கு அது ஒரு பொருட்டாக இல்லை. நெற்றி வேர்வையைத் தோளில் துடைத்துக்கொண்டிருந்தீர்கள். கிராப் டீச்சர் மேடைக்கே வந்துவிட்டார். மன்னிப்பு என்ற சொல் அவர் வாயில் வரவில்லை. உங்கள் வலது கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டு, "ரெண்டாவதா வாசிச்சது யாரு எழுதுனது?" என்று கேட்டார். தெரிந்தேதான் கேட்டார்.

நீங்கள் என் பக்கம் தலையைச் சாய்த்தீர்கள். "இவதானுங்க. என்ற நாத்தனார். ஊர்ல இன்வெர்ட்டர் ரிப்பேர் பண்றா."

என்ன செய்வதென்று தெரியாமல் நான் அவரைப் பார்த்துக் கும்பிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டார்: "நல்லா வாசிச்சியாத்தா?"

"ரெண்டு தடவ வாசிச்சேனுங்க அத்தை."

"ரெண்டாந்தடவை எதுக்கு?"

"மொதத் தடவ நம்பல."

"அதுக்காக விட்டுற முடியுமா" என்றார் அம்மா, சோறு போட்டுக்கொண்டே.

அதற்குப் பிறகு நேராகவும் திருப்பியும் வாசிக்க ஒரு சுவிட்ச் வேண்டும் என்றீர்கள். வைத்துக் கொடுத்தேன். தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகள் மறுபடி வந்தார்கள். அண்ணன் குமாரலிங்கபுரத்தில் வரப்போகிற ஜவுளிப் பூங்காவில் வேலை கிடைக்குமா என்று விசாரித்துக்கொண்டிருந்தான். கிடைத்தால் மாடியில் ஓர் அறை எடுத்து நிஜப் பியானோவே வாங்கிவிடலாம் என்று பேசினான். "அது எந்தப் படியில ஏறும்?" என்று நீங்கள் கேலி செய்தீர்கள். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. போன மழைக்காலத்தில் காய்ச்சல் என்று படுத்தீர்கள். நெஞ்சில் சளி கட்டிவிட்டது என்று மதுரைக்குக் கொண்டுபோனோம். பெரிய கதையாக எதுவும் இல்லை. கை போன நாளில் தப்பிய நீங்கள் காய்ச்சலில் போய்விட்டீர்கள். "நல்லவேளை, ரொம்ப இழுத்துக்கிட்டுக் கெடக்கல" என்று வந்தவர்கள் சொன்னார்கள். இந்தமுறை அம்மா எழுந்து உள்ளே போய்விட்டார்.

பெட்டியைக் கொடுப்பது அண்ணனுக்குச் சுலபமாக இல்லை. ஆனாலும் அதன்மேல் மறுபடி துணி ஏறுவதை அவனால் பார்க்க முடியாது என்றான். அது நியாயமாகப் பட்டது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இரண்டு கையாலும் தட்டட்டும்.

கோயம்புத்தூரிலிருந்து நாம் திரும்பி வந்ததைப் பற்றி நான் அம்மாவிடமோ அண்ணனிடமோ சொன்னதில்லை. சொல்லும்படி அதில் எதுவும் நடக்கவில்லை. பகல் பஸ். டிரைவர் பக்க வரிசையில் நீங்கள் ஜன்னலோரம், நான் உங்களுக்கு இடப்புறம். இடது கையைத் தாங்கும் கழுத்துப் பட்டை வெக்கையில் அறுக்கிறது என்று கழற்றிப் பையில் போட்டுவிட்டீர்கள். தாராபுரம் தாண்டுமுன்பே தூங்கிப்போனீர்கள். எங்கோ ஒரு வேகத்தடையில் பஸ் தூக்கிப் போட்டபோது உங்கள் இடது கை நழுவி என் மடியில் விழுந்தது. உள்ளங்கை மேல்பார்க்கக் கிடந்தது. எடுத்து உங்கள் மடியில் வைக்கலாம் என்று நினைத்தேன். எழுந்துவிடுவீர்கள் என்று விட்டுவிட்டேன். திண்டுக்கல் வந்தது, மதுரை நெருங்கியது. என் கால் மரத்துப்போனது. ஒரு கைக்கு அவ்வளவு எடை இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. உடம்போடு சேர்ந்து தானும் வேலை செய்கிறவரை அது தெரிவதில்லை போலிருக்கிறது.

வெயில் முகத்தில் அடித்ததும் கண் விழித்தீர்கள். மடியைப் பார்த்தீர்கள்.

"விழுந்துருச்சா?"

"இல்ல மதினி. நாந்தான் எடுத்து வச்சுக்கிட்டேன்."

"கனமா இருக்குமே."

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல."

நீங்கள் கையை எடுத்துக்கொள்ளவில்லை. மறுபடி ஜன்னலில் சாய்ந்துகொண்டீர்கள். மதுரை பஸ் ஸ்டாண்டு வரும்வரை அது அங்கேயே இருந்தது.

பேட்டரி வாங்க, சர்வீஸுக்குப் போக என்று வாரத்துக்கு ஒருமுறையாவது நான் பஸ்ஸில் போகிறேன். டூல்ஸ் பையைக் கால்மாட்டில் வைத்துக்கொள்கிறேன். கூட்டமாக இருந்தாலும், கண்டக்டர் திட்டினாலும், அங்கேதான் வைக்கிறேன். மடியில் எதையும் வைப்பதில்லை.

ஜோதி